எடுபிடிப் பையனுக்கு யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற எதையும் விடாமல் படிக்கிறவன் நான். 31 வருடமாக அடுப்படியில்தான் என் பிழைப்பு, அதில் கடைசி 9 வருடமாகத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. அதனால் 'நம் உணவு நம் அடையாளம்', 'உலக மேடையில் நம் சமையல்' என்று யாராவது எழுதினாலோ பேசினாலோ முதலில் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி வந்து நிற்கும். சரி, இதையெல்லாம் இன்னும் 20 வருடம் கழித்து யார் சமைக்கப் போகிறார்கள்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுகளும் உணவுத் திருவிழாக்களும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நாட்டுச் சமையலின் கதி, படம் போட்ட பெரிய செஃப்களின் கையில் இருப்பதாக எல்லோரும் நம்புகிறோம். நான் பார்த்த வரைக்கும் அது காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கத்தியைத் தீட்டிவிட்டு, வெங்காய மூட்டையைப் பிரிக்கிற 18, 19 வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தில் வெறுத்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டால், அவனோடு சேர்ந்து என்னென்ன போகிறது என்பதை யாரும் கணக்கு எடுப்பதில்லை.

போன வருடம் என்னிடம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். 19 வயது, கையில் சமையல் படித்த சான்றிதழ். சும்மா பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சு சமையலின் ஐந்து அடிப்படை சாஸ்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். பெஷமெல், வெலூட்டே என்று உச்சரிப்புகூடச் சுத்தமாக இருந்தது. சரி, உன் வீட்டில் அம்மா நன்றாகச் செய்கிற சாப்பாடு எது தம்பி என்று கேட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் சும்மா வீட்டுச் சாப்பாடு மாஸ்டர்" என்றான். அந்த 'சும்மா' என்ற வார்த்தை எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் அப்பா பயிர் வைக்கிறவர், வீட்டைச் சுற்றி என்ன கீரை எந்த மாதத்தில் முளைக்கும் என்பது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அது சமையலில் சேர்த்தி என்று அவனுக்கு யாரும் சொன்னதே இல்லை.

அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பாடப்புத்தகத்தில் எது இருக்கிறதோ அதுதான் கல்வி, பரீட்சைக்கு எது வருகிறதோ அதுதான் முக்கியம், பெரிய ஓட்டலில் எதற்குக் கிராக்கியோ அதுதான் சமையல் என்று நாம்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பிரெஞ்சு முறை படிக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், நானும் அதைப் படித்துத்தான் கையைத் திருத்திக்கொண்டேன், சாறு இறக்குவதிலும் வெட்டு முறையிலும் அவர்கள் வைத்திருக்கிற ஒழுங்கு அபாரமானது. ஆனால் அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு தன் வீட்டுச் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்க ஒருவனுக்குச் சொல்லித்தராவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதில் வழி காட்டிய நாடுகள் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்தோன் அகூரியோ என்பவரைச் சட்டம் படிக்கச் சொல்லி வீட்டில் ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள், அவர் சமையல் படித்துவிட்டு வந்தார், பாரிஸிலும் போய்ப் படித்தார். 1994-இல் மனைவி அஸ்த்ரித்தோடு சேர்ந்து தலைநகர் லிமாவில் உணவகம் தொடங்கியபோது அதில் பரிமாறியதெல்லாம் பிரெஞ்சுச் சாப்பாடு. அப்போது அங்கே நல்ல உணவகம் என்றாலே அதுதான் அர்த்தம். ஆண்டீஸ் மலையில் ஆயிரக்கணக்கான வகை உருளைக்கிழங்கு விளைகிறது, ஊதா, சிவப்பு, கறுப்பு, முண்டும் முடிச்சுமாக. நகரத்து உணவகங்கள் அவற்றை மலைவாழ் ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கி வைத்திருந்தன. அங்கேயும் அதே 'சும்மா'தான். அகூரியோ சில வருடங்களில் தன் நாட்டு மிளகாய், தன் கடல் மீன், தன் மலைக் கிழங்கு என்று திரும்பினார், அவரோடு ஒரு தலைமுறையே திரும்பியது.

ஆனால் எனக்கு அவர் பேரில் மரியாதை வந்தது அவருடைய உணவகங்களால் அல்ல. லிமாவுக்கு வடக்கே பச்சகூட்டெக் என்று ஒரு மணல்காட்டுக் குடியிருப்பு, இருப்பதற்கு வழியில்லாதவர்கள் குடிசை போட்டுக்கொண்ட இடம். அங்கே 2007-இல் ஒரு சமையல் பள்ளி வந்தது, அவர் அதற்குத் தோள் கொடுத்தார். நகரத்துத் தனியார் சமையல் பள்ளிகள் வாங்குகிற கட்டணத்தில் மிகச் சின்னப் பங்குதான் அங்கே. அதில் படித்து வந்தவர்கள் இன்றைக்கு அந்த நாட்டின் பேர்போன சமையலறைகளில் நிற்கிறார்கள். அடுத்த வருடமே, 2008-இல், மிஸ்துரா என்று பின்னால் பேர் வாங்கிய உணவுத் திருவிழாவும் ஆரம்பமானது. அதில் தெருவோரத்தில் கம்பியில் இறைச்சி சுடுகிற அம்மாவும் பெரிய உணவகத்துச் செஃபும் ஒரே திடலில் நின்றார்கள், பக்கத்திலேயே பெரிய சந்தை போட்டு விளைவித்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சமைக்கிறவனும் விளைவிக்கிறவனும் கூட்டாளிகள் என்பதை அவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போகவில்லை, திடல் போட்டுக் காட்டினார்கள்.

அங்கே அஞ்சோவெத்தா என்று ஒரு சின்ன மீன், உலகத்திலேயே அதிகமாகப் பிடிக்கப்படுகிற மீன்களில் ஒன்று. பிடிக்கிறதில் பெரும்பங்கு அரைபட்டுக் கால்நடைத் தீவனத்துக்கும் பண்ணை மீனுக்கும் போகிறது. 2006-இல் கடல் ஆராய்ச்சியாளர்களும் சமையல்காரர்களும் சேர்ந்து அந்த மீனை வைத்து லிமா உணவகங்களில் ஒரு வாரம் விதவிதமாகச் சமைத்துக் காட்டினார்கள். சமையல்காரனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் இருக்கிற செல்வாக்கை நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் ஸ்பெயினின் பாஸ்க் பகுதி. 1976-இல் தலைநகர் மத்ரிதில் ஒரு கூட்டத்தில் பிரான்ஸின் பேர்போன செஃப் பால் பொக்கூஸ் பேசினார். அதைக் கேட்ட பாஸ்க் சமையல்காரர்கள் யுவான் மாரி அர்சாக்கும் பெத்ரோ சுபிஹானாவும் அவருடைய சமையலறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் கடைக்கு மட்டும் வித்தையைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் உணவகத்தில் மற்றவர் போய்ச் சமைத்து, மறந்துபோன பழைய சமையல்களைத் தோண்டி எடுத்து, ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்தார்கள். அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் போட்டிக் கடைக்காரர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 2011-இல் சான் செபாஸ்தியனில் சமையலுக்கென்றே நாலு வருடப் பட்டப்படிப்போடு பாஸ்க் சமையற்கலை மையம் வந்தது. கட்டடம் வருவதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம்.

நாம் பெரும்பாலும் பார்க்கிறது இதற்கு நேர் எதிர். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் இடத்தில் குழம்பு, மசாலா பார்க்கிற சரக்கு மாஸ்டர் ஒருவர் இருந்தார். கையில் அப்படி ஒரு பக்குவம், அவர் இறக்கிய குழம்பை மோந்து பார்த்தாலே போதும், வயிறு திறந்துவிடும். ஆனால் மசாலாவை வீட்டிலேயே வறுத்து அரைத்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும் எங்களை எல்லாம் 'வெளியே போய் அண்டாவைக் கழுவுங்கடா' என்று விரட்டிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பார். காலிப் பொட்டலக் காகிதத்தைக்கூட அடுப்பில் போட்டுவிடுவார், நாங்கள் மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று. அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பொட்டலம் ஒன்றுதான் முதலாளியிடம் அவருக்கு இருந்த பிடி, அதை விட்டால் நாளைக்கே பாதிச் சம்பளத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அவர் ஒருநாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பொட்டலமும் போனது. அதற்கப்புறம் அந்தக் குழம்பு அங்கே வேறு யார் கையிலும் வரவில்லை, நான் உட்பட ஏழெட்டுப் பேர் முயற்சி பண்ணிப் பார்த்தோம். வேலைக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் வித்தை வெளியே வராது, இதை நான் ரொம்ப லேட்டாகத்தான் புரிந்துகொண்டேன்.

டென்மார்க் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் பாதி நல்ல பாடம், பாதி எச்சரிக்கை. 2004-இல் வடக்கு ஐரோப்பாவைச் சேர்ந்த 12 சமையல்காரர்கள் கோபன்ஹேகனில் கூடிப் பத்து அம்சங்களோடு ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பருவத்துக்கு ஏற்ற சமையல், தங்கள் மண்ணிலும் நீரிலும் தட்பவெப்பத்திலும் சிறப்பாக வருகிற பொருள்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். எனக்குப் பிடித்தது கடைசி அம்சம், உழவர், மீனவர், வியாபாரி, ஆராய்ச்சியாளர், ஆசிரியர், அரசியல்வாதி, அதிகாரி, சாப்பிடுகிறவர் எல்லோரும் கைகோத்தால்தான் இது நடக்கும் என்று அவர்கள் எழுதி வைத்தது. பிறகு அந்த நாடுகளின் அரசுகளும் அதற்குப் பணம் ஒதுக்கி ஆதரித்தன. அந்த இயக்கத்தின் முகமாக ஆன நோமா உணவகம் 2010-இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. எறும்பும் கடற்பாசியும் காட்டுக் கீரையும் தட்டில் ஏறின.

எச்சரிக்கை என்று சொன்னது அடுத்த பாதியை. உலகம் முழுவதிலுமிருந்து இளைஞர்கள் அந்தச் சமையலறையில் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். பயிற்சி என்ற பேரில் நாள் முழுக்க இலை கிள்ளுகிற வேலை. 2022 அக்டோபரில்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில், இனி வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்திக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள், இந்த முறையில் நடத்திக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். இதை நான் குற்றப்பத்திரிகையாக வாசிக்கவில்லை, பெரிய பேர் வாங்கிய பல சமையலறைகளில் இதேதான் நடைமுறை. நான் கேட்பது ஒன்றுதான். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் யாரால் கற்றுக்கொள்ள முடியும்? வீட்டில் பணம் இருக்கிறவனால் முடியும். பயிர் வைக்கிறவர் மகனால் முடியாது. படகில் போகிறவர் மகளால் முடியாது. மாடு கறந்து பால் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளையால் முடியாது. ஆனால் மண்ணையும் கடலையும் பாலையும் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்! மண்வாசனை உள்ள சமையல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்த மண்ணில் பிறந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் அதே மண்ணைப் பற்றி வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறோம். பயிற்சிக்காலச் சம்பளம் ஏதோ தர்ம காரியம் மாதிரி பேசப்படுகிறது. வேர் உள்ள ஆட்களை உள்ளே கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சம்பளம் கொடுத்தாலும் போதாது, மனுஷனாக நடத்தவும் வேண்டும். நான் 17 வயதில் சேர்ந்த இடத்தில் ராத்திரி மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை. ஒருநாள் கூட்டம் நெரிந்த நேரத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். பெரியவர் ஒருவர் கொதிக்கிற குழம்பிலிருந்து எடுத்த கரண்டியை அப்படியே என் முழங்கையில் வைத்தார். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். என்னையும் சேர்த்து வேலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் ஒரு வருடத்துக்குள் ஓடிவிட்டார்கள், அதில் ஒருவனுக்கு என்னைவிட நல்ல நாக்கு, எதில் என்ன குறைகிறது என்று ஒரு சொட்டு வைத்ததும் சொல்லிவிடுவான். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். "அடி பட்டால்தான் தொழில் வரும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடி பட்டு நின்றவர்கள் மட்டும்தான் அப்படிப் பேச மிஞ்சியிருக்கிறார்கள், ஓடிப்போனவர்களை யாரும் போய்க் கேட்கவில்லை.

இன்றைக்கும் பெரிய சமையலறைகளில் இருக்கிற படிநிலை முறையை வகுத்தவர் எஸ்கோஃபியே என்கிற பிரெஞ்சு செஃப். அவரே 1859-இல் 13 வயதில் நீஸ் நகரத்தில் தன் மாமாவின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து கஷ்டப்பட்டவர். பின்னால் தன் சமையலறைகளில் வசைச்சொல் கூடாது, குடி கூடாது என்று கண்டிப்பு வைத்தார். அவர் போட்ட படிநிலையைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்தக் கண்டிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் சமையல் பயிற்சி 3 வருடம், ஒப்பந்தம் போட்டு, மாதச் சம்பளத்தோடு. சமையலறையில் சில நாள், தொழிற்பள்ளியில் சில நாள் என்று மாறிமாறிப் போகவேண்டும், கடைசியில் தேர்வு. அவன் பாத்திரம் கழுவ வந்தவனா, கற்றுக்கொள்ள வந்தவனா என்ற குழப்பமே அங்கே கிடையாது.

இனி கற்றுக்கொடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நான் பிள்ளைகளை முதல் மாதத்திலேயே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், இதை ஊர்சுற்றல் என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஒரு தடவை பீன்ஸ் போட்டிருந்த வயலுக்குப் போயிருந்தோம். பயிர் வைத்தவர் வயசான அம்மா. கொடியிலிருந்து ஒரு காயைப் பறித்து ஒரு பெண்ணின் கையில் கொடுத்து "காதுக்குப் பக்கத்தில் வைத்து முறி" என்றார். டக் என்று முறிந்தது. அடுத்த கொடியில் இரண்டு நாள் முற்றின காயைப் பறித்துக் கொடுத்தார், அது வளைந்து, நார் இழுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பிரிந்தது. "முதல் காய்க்குத் தண்ணீர் கொதித்ததும் போட்டு எடுத்தால் போதும், இந்தக் காயை நீ அரைமணி நேரம் வேகவைத்தாலும் நார் நாராகத்தான் இருக்கும், விதையை உரித்துப் பயறாகச் சமைச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான் பாடம், இரண்டு நிமிஷம். அன்றிலிருந்து அந்தப் பெண் காய்கறி இறங்கும்போதெல்லாம் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டை முறித்துக் காதில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு தடவை மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் வகுப்பில் நின்று எவ்வளவு நேரம் பேசினாலும் இது வந்திருக்காது.

அயர்லாந்தில் பாலிமலூ என்ற பேரில் ஒரு சமையல் பள்ளி இருக்கிறது, 1983-இல் தொடங்கியது, 100 ஏக்கர் இயற்கைப் பண்ணைக்கு நடுவில். 12 வாரப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது மக்கின உரம் தயாரிப்பது. சமையல் படிக்க வந்தவனை முதல் நாளே குப்பைக்குழிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள்! எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது. எவ்வளவு பெரிய கைப்பக்குவக்காரனாக இருந்தாலும் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சட்டிக்கு அது மண்ணிலிருந்துதானே வரவேண்டும்.

பொலிவியாவில் நடந்ததையும் கேளுங்கள். நோமாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளாஸ் மேயர் 2013-இல் லா பாஸ் நகரத்தில் குஸ்து என்று ஓர் உணவகம் திறந்தார். வசதியில்லாத வீட்டு இளைஞர்களுக்குப் பயிற்சி, சமைக்கிற பொருளெல்லாம் அந்த நாட்டிலேயே விளைந்ததாக இருக்கவேண்டும், இதுதான் ஏற்பாடு. வெளிநாட்டான் வந்து நம் சாப்பாட்டை நமக்கே சொல்லித்தருவதா என்று யாருக்கும் உறுத்தத்தான் செய்யும், எனக்கும் படித்தபோது உறுத்தியது. முதலில் தலைமை ஏற்ற கமில்லா சைட்லர் டென்மார்க்காரர். பின்னால் கரண்டி மார்சியா தாஹாவின் கைக்கு வந்தது, அவர் பொலிவியாவைச் சேர்ந்தவர், தன் நாட்டின் மலையிலும் காட்டிலும் அலைந்து பொருள் தேடினவர். 2024-இல் லத்தீன் அமெரிக்காவின் சிறந்த பெண் செஃப் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது. வெளியாள் வந்தார் என்பதைவிட, சில வருடத்தில் உள்ளூர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கரண்டியை விட மனசு வராத மாஸ்டர்கள் எங்களில் நிறையப் பேர், நானும் அந்தப் பட்டியலில் ரொம்ப நாள் இருந்தவன்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. வீடுகளில் சமைக்கிறது பெரும்பாலும் பெண்கள், ஆனால் அவர்களை ஆசிரியராக வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2010-இல் மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ அங்கீகரித்தபோது மிச்சோவாகன் பகுதியைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்கள், அங்கே பரம்பரையாகச் சமைத்துவருகிற பெண்கள் குழுவாகச் சேர்ந்து அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சமையல் கல்லூரிகள் மாதத்துக்கு இரண்டு நாள், ஊரில் நன்றாகச் சமைக்கிற ஒரு பாட்டியைக் கூப்பிட்டு, மற்ற விரிவுரையாளருக்குக் கொடுக்கிற அதே கட்டணத்தைக் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொன்னால் என்ன? பூங்கொத்து, பொன்னாடை எல்லாம் வேண்டாம். கட்டணம் கொடுங்கள். அந்தப் பாட்டி 'இதெல்லாம் எனக்கு எதுக்கு' என்று சொல்லத்தான் செய்வார், விடாமல் கையில் கொடுங்கள்.

முதலாளிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் சொல்லி நானே பல தடவை காதால் கேட்டிருக்கிறேன். "கற்றுக்கொடுத்து ஆளாக்கினால் அடுத்த மாதமே வேறு கடைக்கு ஓடிவிடுகிறான், நான் ஏன் செலவு பண்ணவேண்டும்?" நியாயமான கேள்விதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் இதை ஒரு கடை தனியாகச் செய்ய முடியாது என்கிறேன். ஓர் ஊரில் இருக்கிற பத்துக் கடை சேர்ந்து பிள்ளைகளை எடுத்து, ஆறு ஆறு மாதம் ஒவ்வொரு கடையிலும் மாற்றி மாற்றிப் போட்டு, செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் யாரும் யாரிடமிருந்தும் ஓட வேண்டியதே இல்லை. பாஸ்க்காரர்கள் போட்டிக்காரர்களாக இருந்துகொண்டே சேர்ந்து வளர்ந்தார்கள் என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது? அரசு பயிற்சிச் சம்பளத்தில் ஒரு பங்கு போட்டால் சின்னக் கடைகளும் உள்ளே வரும். அப்படி வந்தால்தான் இது பெரிய ஓட்டல்களின் விஷயமாக நின்றுபோகாது.

சாப்பிடுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. 'உள்ளூர்ப் பொருள்' என்று பட்டியலில் அச்சடித்திருந்தால் பரிமாறுகிறவரிடம் யார் விளைவித்தது, எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். பதில் தெரியாமல் அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாலே போதும், அடுத்த வாரம் சமையலறையில் அந்த விவரம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதற்கு முன்னால் அந்த 'சும்மா' பையன் கதையை முடித்துவிடுகிறேன். எங்கள் சமையலறையில் செவ்வாய்க்கிழமை மதியம் வேலையாட்களுக்கான சாப்பாட்டை வயதில் குறைந்தவர்தான் சமைக்கவேண்டும், அதுவும் தன் வீட்டுச் சாப்பாடாக இருக்கவேண்டும், அன்றைக்கு அவர் சொல்கிறபடி நாங்கள் எடுபிடி வேலை செய்வோம். அவன் முறை வந்தபோது இரண்டு வாரம் ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டான். மூன்றாவது வாரம் வேறு வழியில்லாமல் கீரையும் பயறும் சேர்த்துக் கடைந்த ஒன்றைச் செய்தான். 14 பேர் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவுகிற பெரியவர் சட்டியை விரலால் வழித்தார். மூன்று பேர் மறுபடி சோறு வைத்துக்கொண்டார்கள். அவன் சாப்பிடாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவுக்கு போன் போட்டு, பயறு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். "ஒரு கைப்பிடி, கண்ணளவுதான்டா, இதுக்கெல்லாம் கணக்கு இருக்கா" என்றாராம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சமையலறையில் இருந்த சின்ன எடைத் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அம்மா கைப்பிடி அள்ளும்போதெல்லாம் தராசுத் தட்டில் போடச் சொல்லி, மூன்று தடவை எடை பார்த்து, மூன்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். கீரை எந்த மாதத்தில் இளசாக இருக்கும், மழை அதிகமானால் எத்தனை கொதி குறைக்கவேண்டும் என்பதெல்லாம் பக்கத்திலேயே குறித்திருக்கிறான். இப்போது அந்த நோட்டில் 23 சமையல் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னது உட்பட. ஒவ்வொன்றுக்கும் மேலே யார் சொன்னது என்று பேர் எழுதியிருக்கிறான்.

வாரத்துக்கு ஒரு நாள் இந்த மாதிரி இளம் சமையல்காரர் ஒருவர் தன் வீட்டிலிருந்து எழுதி எடுத்து வந்த ஒரு சமையலை, சொன்னவர் பேர், எழுதினவர் பேர், பொருள் விளைவித்தவர் பேர் மூன்றையும் போட்டு நீங்கள் வெளியிட முடியுமா? பேர் போட எல்லோரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கித் தருவது என் பொறுப்பு. கேட்டால் அந்த நோட்டின் முதல் நாலு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவைக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், சில இடத்தில் குழம்பு சிந்தியிருக்கிறது, எடைக் கணக்கு மட்டும் தெளிவாகப் படிக்க வரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகரான ஒரு சமையல்காரர்